வரேன் என்று சொன்னவள்

கண்ணாடிக்காரர் அன்று செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். பையை மாட்டினார். அவர் செய்த மற்ற தப்புகளின் பட்டியல் மனைவியிடம் இருந்தது. அது தனி.

கனமான பை. இரண்டு பெரிய தண்ணீர் பாட்டில், ரொட்டி, ஆப்பிள், மகளுக்கு மாற்று உடுப்பு, மழை வந்தால் குடை, வெயில் அடித்தால் தொப்பி. குடும்பத்தோடு கடைசியாக ஒரு நாள் வெளியே போகிறோம், இன்றைக்காவது “அதை மறந்துட்டீங்களா?” என்ற கேள்வி வரக்கூடாது என்று நினைத்து நினைத்து அடுக்கியது. அது தோளைப் பிடுங்கியது. குட்டி ரயில் வளைவில் வந்துகொண்டிருந்தது. படம் எடுக்க இரண்டு கையும் வேண்டும். தண்டவாளத்தின் ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, நுனியில் சிவப்புக் குமிழோடு, பை மாட்டுவதற்கென்றே யாரோ நல்ல மனுஷன் நட்டுவைத்த மாதிரி நின்றது.

மாட்டினார். கைப்பேசியை உயர்த்தினார். “எல்லாரும் சிரிங்க!” என்று கத்தினார்.

கம்பி மெதுவாகச் சாய்ந்தது. யாருக்கோ வணக்கம் சொல்வதுபோல, அவ்வளவு பணிவாக. கீழே எங்கோ ‘டக்’ என்று ஒரு சத்தம்.

ரயில், நேராகப் போக வேண்டிய ரயில், மூக்கை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு புல்லுக்குள் போனது. அவருடைய மனைவியையும் எட்டு வயது மகளையும் மைத்துனனையும், முன்பெட்டியில் இருந்த வேறொரு குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, பல வருஷமாக எந்தச் சக்கரமும் படாத துருப்பிடித்த தண்டவாளத்தில், நடக்கிற வேகத்தில் போனது. செயற்கைக் குன்று ஒன்று அந்தப் பூங்காவின் நடுவே இருந்தது. அதற்கு இரண்டு குகைகள். ஒன்றுக்குள்தான் ரயில் போகும். மற்றதைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். என்ஜின் போய்ப் பலகையில் முட்டியது. பலகைக்கு முட்டுகிற வரைக்கும்தான் பொறுமை போலிருக்கிறது. ஊறிப்போன ரொட்டி மாதிரி உதிர்ந்தது.

ரயில் பாதி உள்ளே போய் நின்றது.

ஒரு சத்தமும் இல்லை.

குகையின் வாயிலிருந்து காற்று ஒன்று வந்தது. பூட்டியே வைத்திருந்த அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. ஈரமணலும் பழைய துணியும்.

பிறகு ஒரு குழந்தை சிரித்தது. மகள்தான் சிரிக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை என்று அவருக்கு உயிர் திரும்பி வந்தது. ரயிலைப் பின்னால் தள்ளி வெளியே கொண்டுவந்தபோது பார்த்தால், மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகையை அடக்கும்போது அப்படித்தான் இருப்பாள்.

ரயில் ஓட்டுபவர் ஆறடிக்குக் குறையாத கிழவர். அந்தப் பொம்மை என்ஜின்மேல் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் காதுக்கு வந்துவிடும். அவருக்கு ஒரு பழக்கம். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொருவரின் தோளையும் ஒரு விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். பார்த்து எண்ண மாட்டார். தொட்டுத்தான் எண்ணுவார். இப்போதும் எண்ணினார். கடைசிப் பெட்டி வரை போய், மறுபடி முன்னால் வந்து எண்ணினார். மூன்றாம் தடவையும் எண்ணினார்.

“எல்லாரும் சரியா இருக்காங்களா?” என்றார் கண்ணாடிக்காரர்.

“ஏழு பேர் போனோம்” என்றார் கிழவர்.

“வந்தது?”

கிழவர் தொட்ட விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, “கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்” என்றார்.

மனைவி இறங்கி வந்தாள். கூந்தலில் மரத்தூள். “ஒரு பையைக்கூட உங்களால பிடிச்சிட்டு நிக்க முடியாதா?”

“அந்தக் கம்பி அங்க...”

“ஆமா, கம்பி மேல பழியைப் போடுங்க.”

“விடுக்கா” என்றான் மைத்துனன். “மாமா கை வெச்சு எதுதான் நேரா போயிருக்கு? ரயில் மட்டும் போயிடுமா?”

கண்ணாடிக்காரரும் சிரித்தார். பிறர் அடிப்பதற்குள் தானே தன் தலையில் ஒரு குட்டு வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அந்தக் குட்டு அவ்வளவாக வலிக்காது.

அவருக்குக் கண்ணாடிக் கடை. பார்வை சோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பார். காலையிலிருந்து மாலை வரை இருட்டறையில் உட்கார்ந்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: “முதல்ல போட்டது நல்லா தெரியுதா, இப்ப போட்டதா?” வருகிறவர்கள் யோசித்து யோசித்து, “ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு” என்பார்கள். இருபது வருஷமாக ஒரு நேரான பதிலுக்காகக் காத்திருக்கிற தொழில். வீட்டிலும் அதே நிலைமைதான். “என் மேல என்ன கோபம்?” என்று கேட்டால் மனைவி, “கோபமா? எனக்கா?” என்பாள். “போய்த்தான் ஆகணுமா?” என்று கேட்டால், “நான் போறேன்னு யார் சொன்னா?” என்பாள். அப்படிச் சொல்லிக்கொண்டே பெட்டியை அடுக்கினாள்.

அவள் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் வேறு வேலை கிடைத்துவிட்டது. தம்பியின் வேனில் சாமான் ஏறிவிட்டது. இந்தப் பூங்காவிலிருந்து அப்படியே கிளம்ப வேண்டியதுதான். மகளும் கூடவே. ஆனால் ஒரு பேச்சு இருந்தது. மூன்று நாள் முன்பு சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் அவள் சொன்னது:

“நான் ஒண்ணும் அவளைப் பிடுங்கிட்டுப் போகல. அப்பாகூட இருக்கேன்னு அவ வாயால சொன்னா விட்டுட்டுப் போறேன். ஆனா நீங்க அழுது காட்டக்கூடாது. அது வாங்கித் தரேன், இது வாங்கித் தரேன்னு ஆசை காட்டக்கூடாது. கேளுங்க. அவளாச் சொல்லட்டும்.”

அவருக்கு மிச்சம் இருந்தது அவ்வளவுதான். ஒரு கேள்வி. ஒரு பகல்.

சறுக்குமரத்தடியில் கேட்டார். “சிட்டு, அப்பாகூட இருக்கியா, அம்மாகூடப் போறியா?”

சிட்டு சறுக்கிக்கொண்டே, “இன்னொரு தடவை ஏறிக்கட்டுமா?” என்றாள்.

ரொட்டி தின்னும்போது கேட்டார்.

“ஆப்பிள் நறுக்கிக் குடுங்கப்பா.”

ஊஞ்சலைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டார். ஊஞ்சல் முன்னால் போகிறபோது ஏதோ சொன்ன மாதிரி இருந்தது. பின்னால் வந்தபோது, “என்னடா சொன்னே?” என்றார். “வேகமா தள்ளுங்கன்னு சொன்னேன்” என்றாள். அம்மாவின் பெண் என்பதில் சந்தேகமே இல்லை.

மாலையில் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தை மாற்றும் அந்தக் கம்பிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். மூடிய குகையின் வாயில் பலகை இருந்த இடத்தில் ஒரு கயிறு மட்டும் குறுக்கே தொங்கியது. காற்று இல்லை. ஆனாலும் கயிறு ஆடியது. சற்று முன்புதான் யாரோ குனிந்து அதைத் தாண்டி வந்த மாதிரி.

“அந்தக் குகையை எதுக்கு மூடி வெச்சிருந்தீங்க?” என்று கிழவரைக் கேட்டார்.

“ஈரம் சார்.”

“ஈரத்துக்கா பலகை அடிப்பாங்க?”

“பூச்சிபொட்டு இருக்கும்.”

“என்ன பூச்சி?”

“ஏறுங்க சார். இதுதான் கடைசிச் சுற்று.”

மனைவி ஏற மறுத்துவிட்டாள். “எனக்கு ஒரு தடவை போதும்” என்று முகம் கழுவப் போனாள். மைத்துனன் நடைமேடையில் நின்று கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தான். முன்பெட்டியில் இரண்டு மூன்று பேர். கடைசிப் பெட்டியில் அப்பாவும் மகளும் மட்டும். குதிரையில் உட்காருவதுபோல இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டிய நீளப் பலகை. முன்னால் இருப்பவரைப் பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ள வேண்டும். சிட்டு அவருக்குப் பின்னால் ஏறி இடுப்பைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள்.

“அப்பா, உங்க தொப்பை கைக்கு எட்டல.”

“சட்டையைப் பிடிச்சுக்கோ. அது தொப்பை இல்ல, மெத்தை.”

“ஓடும்போது யாரும் பின்னால திரும்பக்கூடாது, பெட்டி சாஞ்சிடும்” என்று கிழவர் சொல்லிக்கொண்டே எண்ணி வந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. கண்ணாடிக்காரரின் தோளில் விரல் பட்டது. நான்கு. அவருக்குப் பின்னால் விரல் போனது. நின்றது. எடுக்கவும் இல்லை, எண்ணைச் சொல்லவும் இல்லை.

“என்ன?” என்றார் இவர், முன்னால் பார்த்தபடியே.

“ஒண்ணுமில்ல சார்” என்று கிழவர் வேகவேகமாக என்ஜினுக்கு நடந்தார்.

மணி அடித்தது. ரயில் நகர்ந்தது.

பின்னாலிருந்து இரண்டு சின்னக் கைகள் வந்து இடுப்பைச் சுற்றிக்கொண்டன. அந்தப் பிடியில் கண்ணாடிக்காரருக்கு அழுகை வந்தது. அழக்கூடாது என்பது நிபந்தனை. ஆனால் முதுகு காட்டி அழுவதைப் பற்றி நிபந்தனையில் ஒன்றும் இல்லையே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ரயில் குகைக்குள் நுழைந்தது.

இருட்டு. கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றே. அவர் கடையின் இருட்டறையில்கூட எழுத்துப் பலகைக்கு ஒரு சின்ன விளக்கு உண்டு. இங்கே அதுவும் இல்லை. சக்கரம் தண்டவாள மூட்டில் ஏறி இறங்குகிற சத்தம் மட்டும், யாரோ நாக்கைத் தட்டுவதுபோல. பகலெல்லாம் வெயில் பட்ட குன்று உள்ளே இப்படிக் குளிர்ந்திருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. அதே வாசனை. ஈரமணல். பழைய துணி.

இந்த இருட்டில் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. முகம் தெரியாவிட்டால் குழந்தைக்குப் பதில் சொல்லச் சுலபம். பெரியவர்களுக்கும் அப்படித்தான்.

“சிட்டு.”

கைகள் இன்னும் கொஞ்சம் இறுகின.

“அப்பாகூடவே வந்துடறியா? உண்மையைச் சொல்லு. அம்மா திட்ட மாட்டா. ஒரே ஒரு வார்த்தை போதும். வரியா?”

டக். டக். டக்.

அவருடைய காதுக்குப் பக்கத்தில், உதடு படுகிற மாதிரி அவ்வளவு பக்கத்தில், குரல் வந்தது.

“வரேன்.”

கண்ணாடிக்காரர் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த நாலைந்து நொடிதான். அப்புறம் மெல்ல மெல்ல ஒவ்வொன்றாக உறைத்தது.

காதருகே பேசிய வாயிலிருந்து மூச்சுக் காற்று வரவில்லை.

எட்டு வயதுக் குழந்தை, உட்கார்ந்தபடி, அவர் காதுக்கு எட்டாது.

குனிந்து தொட்டுப் பார்த்தார். இடுப்பைச் சுற்றிய கைகள் முன்னால் வந்து, விரலோடு விரல் கோத்துக்கொண்டிருந்தன.

தாராளமாக எட்டியிருந்தது.

விரல்களில் மணல். சில்லென்று, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறிய மாதிரித் தோல் சுருங்கிய விரல்கள். அவர் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. திரும்பினால் பெட்டி சாய்ந்துவிடும் என்று கிழவர் சொன்னது ஒரு நல்ல சாக்காக இருந்தது. சாக்குத் தேடுவதில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

தூரத்தில் குகையின் மறுவாய் வெள்ளை வட்டமாகத் தெரிந்தது. பெரிதானது. வெளிச்சம் முகத்தில் விழுந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விலகின, அவசரமே இல்லாமல்.

எதிரே நடைமேடை.

நடைமேடையில் மைத்துனன். அவன் பக்கத்தில் சிட்டு, ஐஸ் குச்சியை நக்கிக்கொண்டு அப்பாவுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தாள்.

ரயில் நின்றபிறகு அவர் திரும்பினார். பின்பலகை காலி. நடுவில் ஓர் ஈரத் திட்டு. அதில் கொஞ்சம் மணல்.

“நீ எப்படா இறங்கினே?” என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

“வண்டி கிளம்புறதுக்கு முன்னாடியே. அந்த அக்கா இடம் கேட்டா. பாவம், எழுந்து குடுத்துட்டேன்.”

“எந்த அக்கா?”

சிட்டு பெட்டியைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் முதுகுப் பக்கமாகப் பார்த்தாள். பிறகு ஐஸைப் பார்த்தாள். “உருகுதுப்பா” என்றாள்.

மைத்துனனிடம் சொன்னார். “மாமா, ஊருக்கெல்லாம் கண்ணு பார்க்கிறீங்க. முதல்ல உங்க கண்ணாடியை மாத்துங்க” என்றான் அவன். ஆனால் அவருடைய சட்டையின் முன்பக்கத்தில் பத்து விரல் ஈரம் தெளிவாகப் பதிந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவன் சிரிப்பு பாதியில் நின்றது. “ஐஸ் சிந்தியிருக்கும்” என்று அவனே ஒரு காரணத்தையும் சொல்லிவிட்டு, வேனைப் பார்க்கப் போய்விட்டான்.

கிழவர் என்ஜினுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் போய் அவர் முன்னால் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. சட்டையைக் காட்டினார்.

கிழவர் உறையின் நாடாவை முடிந்தார், அவிழ்த்தார், மறுபடி முடிந்தார்.

“அப்ப எனக்கு எண்ணுற பழக்கம் கிடையாது சார்” என்றார் கடைசியில். “ஒரு குடும்பம் வந்துச்சு. அப்பா ஒரு வண்டியில, அம்மா ஒரு வண்டியில. பொண்ணுக்குப் பதினோரு வயசு இருக்கும். பெரியவங்க ரெண்டு பேரும் இதே இடத்துல நின்னு அப்படிச் சண்டை போட்டாங்க. பொண்ணை ரயில்ல ஏத்திவிட்டுட்டுச் சண்டை. அது நடுவழியில இறங்கிக் குகைக்குள்ள ஒளிஞ்சிக்கிச்சு.”

“எதுக்கு?”

“காணோம்னா ரெண்டு பேரும் சேர்ந்து தேடுவாங்கல்ல?”

தூரத்தில் யாரோ குப்பைத் தொட்டியை இழுத்துப் போகிற சத்தம்.

“தேடினாங்களா?”

“அம்மாகிட்ட இருக்குன்னு அப்பா நினைச்சார். அப்பாகிட்ட இருக்குன்னு அம்மா நினைச்சாங்க. ஒருத்தர்கிட்ட ஒருத்தர் பேசிக்கிறதில்லையே! யார் போன் போட்டுக் கேக்கறதுங்கிற வீம்புலயே மூணு நாள் போயிடுச்சு. உள்ள ஒரு பள்ளம், அதுல மழைத் தண்ணி. நானாவது எண்ணியிருக்கணும். ஏறினதுல ஒண்ணு குறையுதுன்னு தெரிஞ்சிருக்கும்.” கிழவர் விரலைப் பார்த்துக்கொண்டார். “நான் எதையும் கண்ணால பார்த்ததில்ல சார். எண்ணத்தான் செய்வேன். இன்னைக்கு ஒண்ணு கூடுச்சு.”

கண்ணாடிக்காரர் ஈரச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். என்னதான் இருந்தாலும் ஒரு தமாஷைத் தேடிப் பிடித்துக் கையில் வைத்துக்கொண்டால்தான் அவருக்குத் தைரியம் வரும்.

“எங்கிட்ட வரேன்னு சொன்னா. வரேன்னா என்ன? நாம கிளம்பும்போது சொல்றதுதானே? போறேன்னு சொல்லக்கூடாதுன்னு வரேன்னு சொல்லுவோம். விடைபெத்துக்கிட்டுப் போயிட்டா போல. நல்ல வளர்ப்பு.”

கிழவர் சிரிக்கவில்லை.

“நீங்க என்ன கேட்டீங்க?”

“வரியான்னு கேட்டேன். என் பொண்ணுன்னு நினைச்சு.”

கிழவர் குகைப் பக்கம் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, “போறவங்கதான் சார் வரேன்னு சொல்லுவாங்க. அந்தப் பொண்ணுக்குப் போறதுக்கு ஏது இடம்?” என்றார்.

வாகனம் நிறுத்துமிடத்தில் வேனும் அவருடைய காரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. வெயில் இறங்கி, எல்லாப் பொருளுக்கும் நீளமாக நிழல் விழுந்திருந்தது. மைத்துனன் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். மனைவி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். போகிற அவசரம் அவள் முகத்தில் இல்லை. அவர் அதைக் கவனித்தார். இந்த ஒரு தடவை அவளே கேட்டாள்.

“கேட்டீங்களா அவளை?”

“கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் இவ்வளவு மெதுவாக ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. குழந்தை அப்பாவோடு இருக்கிறேன் என்று சொன்னால், தானும் ஒருவேளை தயங்கி நிற்கலாம் என்பதுபோல ஒரு குரல். அல்லது அவருக்கு அப்படிக் கேட்டது. இன்னும் எதுவும் சொல்லவில்லை என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். இன்னொரு தடவை சேர்ந்து கேட்போம் என்றாவது சொல்லியிருக்கலாம். காதில் அந்த ஒற்றை வார்த்தை சுற்றிக்கொண்டே இருந்தது. அது வாயைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டது.

“வரேன்னு சொன்னா.”

மனைவி மகளின் பக்கம் குனிந்தாள். “அப்படியா கண்ணு? அப்பாகூட வரேன்னு சொன்னியா?”

சிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நான் ஒண்ணும் சொல்லலையே.”

மனைவி நிமிர்ந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார். பழகியது. இது ரத்தம் எடுக்கிறவளின் முகம். ஊசியை உருவிவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தி, ‘முடிஞ்சது, எழுந்திரிங்க’ என்கிற முகம்.

“கடைசி நாள்ல ஒரு உண்மையாவது சொல்லுவீங்கன்னு நினைச்சேன்.”

“நிஜமாத்தான் சொல்றேன். குகைக்குள்ள ஒரு குரல்...”

“உங்களுக்கு எப்பவும் ஒரு கதை.”

வேன் கிளம்பியது. “வரேன் மாமா” என்று மைத்துனன் கையைக் காட்டினான். அந்த வார்த்தை பட்டதும் கண்ணாடிக்காரர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். பின்கண்ணாடி வழியாக சிட்டு கையாட்டினாள். அவரும் ஆட்டினார். அவள் பார்வை அவர்மேல் இல்லை, சற்று இடப்பக்கமாக, காரின் மேல் இருந்தது என்பதை அவர் கவனித்தார். கவனித்ததை மறக்கப் பார்த்தார்.

தனியாகக் காரில் ஏறினார். பூங்காவின் வாசலைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்தபோது, முன்பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பின்சீட்டில் யாராவது பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் எரிகிற விளக்கு. வண்டி பழசு. ஒயரில் ஏதாவது கோளாறு இருக்கும். அவரே மாட்டிய ஸ்பீக்கரின் வேலையாக இருக்கும். ஆமாம், அதுதான்.

“பெல்ட் போட்டுக்கணும்” என்றார், காலியான காருக்குள், ஒரு வேடிக்கைக்காக.

பின்னால் ‘க்ளிக்’ என்றது.

விளக்கு அணைந்தது.

அவர் காரை ஓரமாக நிறுத்தினார். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் சீட் மட்டும் தெரிந்தது. பெல்ட் குறுக்கே போட்டுப் பூட்டியிருந்தது, இறுக்கமாக, நடுவில் வயிறு இருக்கிற அளவுக்கு வெளியே வளைந்து. ஜன்னல் கண்ணாடியில் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பனி படர்ந்தது. ஒரு முகம் சாய்ந்த அளவுக்கு. பதினோரு வயதுக் குழந்தையின் உயரத்தில். ஈரமணல் வாசனை கழுத்துவரை வந்தது.

கைப்பேசியில் மனைவியை அழைத்தார். எட்டாவது தடவை மணி அடித்தபோது எடுத்தாள்.

“பாப்பா எங்க?”

“எங்க இருப்பா?”

“உன்கூட இருக்காளா, இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

“ஏன், உங்க பொண்ணு எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தாயே, ஆமா இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லேன்!”

எதிர்முனையில் பெருமூச்சு. கைப்பேசி கைமாறும் சத்தம். பிறகு சிட்டுவின் குரல், தூக்கக் கலக்கத்தோடு, மூச்சுக் காற்றோடு, உயிரோடு. “அப்பா.”

அவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். குழந்தை அங்கேதான் இருக்கிறாள். பத்திரமாக இருக்கிறாள். யாரும் யாரையும் விட்டுவிட்டு வரவில்லை. அழக்கூடாது என்ற நிபந்தனை காலாவதியாகிவிட்டதால் கொஞ்சம் அழுதார். பின்சீட்டில் துணி உரசுகிற மெல்லிய சத்தம் கேட்டது. யாரோ முன்னால் சாய்ந்து உற்றுக் கேட்கிற மாதிரி. அவர் திரும்பவில்லை. இப்போதும் அம்மாவிடம் சொல்லி வண்டியைத் திருப்ப நேரமிருக்கிறது, எட்டு மணி நேரத்தில் பத்து நிமிஷம்தான் போயிருக்கிறது என்று ஓர் அசட்டு நம்பிக்கை. அதனால் இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டார்.

“சிட்டு, காலையிலேருந்து அப்பா கேக்கறேன், நீ பதிலே சொல்லல. அப்பாகூட இருக்க வரியாடா?”

“மாட்டேன்ப்பா” என்றாள் சிட்டு. யோசிக்கவே இல்லை.

“ஏன் கண்ணா?”

“நீங்கதான் அந்த அக்காவைக் கூட்டிட்டுப் போறீங்களே. உங்க கார்லதான் ஏறினா, நான் பார்த்தேன். நீங்க வரியான்னு கேட்டது அவளைத்தான்ப்பா. அவ வரேன்னு சொல்லிட்டா.”